ஆலோசனை சொல்ல வருகிறது. ஃபீஸ் கேட்க வருகிறதா?

படிப்பு இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் நாலைந்து வருஷம் வேலை பார்த்த அனுபவமும் இருக்கிறது. குழந்தை பிறந்ததும் விட்டதுதான். "இனி ஆபீஸ் போக முடியாது, சொந்தமாக கன்சல்டன்ட் ஆகலாமா? எனக்கு அந்த சுபாவம் உண்டா?" என்று கேட்கிற சகோதரிகளுக்காக இந்தத் தடவை.

நன்றாகப் பேச வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், காது கொடுத்துக் கேட்கிற பொறுமைதான் முதலில் வேண்டும். நீங்கள் உணவியல் படித்தவர், சர்க்கரை நோயாளி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் ஒரு பட்டியலை நீட்டினால் அது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான். வீட்டில் யார் சமைக்கிறார்கள், ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு, விரதம் உண்டா, டாக்டர் என்ன மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று அரை மணி விசாரித்தால், பத்து நிமிஷம் பேசினால் போதும். மாத்திரையைக் குறைக்கலாமா என்று அவர் கேட்டால், "அதை டாக்டரிடம்தான் கேட்கணும்" என்று கூசாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

மேலதிகாரி இல்லாமலே பத்து மணிக்கு வேலையில் உட்காருகிற கட்டுப்பாடும் வேண்டும். வீடு நடத்துகிறவர்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை!

நம் பெண்கள் தடுக்கி விழுவது ஃபீஸ் விஷயத்தில்தான். "அட, நாலு வார்த்தை சொல்றதுக்குப் போய் காசா?" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள், நமக்கே அப்படித்தான் தோன்றும். சரி, மாதம் 30,000 ரூபாய் வர வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்பீர்கள்? முப்பதால் வகுத்து 1,000 என்பீர்கள். ஆனால் மாதத்தில் காசு வரும் வேலை பன்னிரண்டு நாள் கிடைத்தாலே பெரிசு. மீதி நாளெல்லாம் ஆள் தேடவும், அலையவும், படிக்கவும், குழந்தைக்கு ஜுரம் வந்தால் பார்க்கவும் போய்விடும். அப்போது ஒரு நாளுக்கு 2,500. இதைச் சொல்லிவிட்டு, எதிராளி யோசிக்கிற அந்த ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அங்கேதான் நாமே முந்திக்கொண்டு, "உங்களுக்காக 1,500 போதும்" என்று சொல்லிவிடுகிறோம். சொந்த அத்தைக்கு இலவசம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். அத்தையின் சிநேகிதிக்கு வேண்டாம்.

பணத்தை நினைவுபடுத்தவும் கூச்சம் கூடாது. வேலை தொடங்குமுன் தொகையையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். கம்பெனிகள் ஃபீஸில் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தந்தால் பதற வேண்டாம். நீங்கள் கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவானால், ரிட்டர்ன் தாக்கல் செய்து மீதியைத் திரும்ப வாங்கலாம். 'உத்யம்' பதிவு செய்துகொண்ட குறுந்தொழில்காரருக்கு, 2006-ஆம் வருஷச் சட்டப்படி 45 நாளுக்குமேல் பாக்கி வைக்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் கெடு 15 நாள்தான். வேலையை ஒப்புக்கொள்ளுமுன்பே இந்தப் பதிவைச் செய்துவிடுங்கள். அரசாங்க இணையதளத்தில் இதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கிற ஏஜெண்டிடம் போகாதீர்கள்.