பல்கலைக்கழக வேலையா, ஒப்பந்தக் கூலியா?

"பிள்ளை யூனிவர்சிட்டியில் வேலை செய்கிறான்" என்று சொல்வதில் நம் குடும்பங்களுக்கு எவ்வளவு பெருமை! பால்மரம் வெட்டியும், லாரி ஓட்டியும், தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்தும் படிக்க வைத்தவர்கள் நாம். பெருமைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் பெற்றோர்களே, அந்த வேலையின் பெயர் என்ன என்று பிள்ளையிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ரிசர்ச் அசிஸ்டன்ட், டீச்சிங் அசிஸ்டன்ட் என்று பதில் வந்தால் அது விரிவுரையாளர் வேலை அல்ல. பென்ஷன் உள்ள அரசாங்க வேலையும் அல்ல.

ஒரு விரிவுரையாளருக்கு ஆய்வு மானியம் கிடைக்கிறது. எஃப்.ஆர்.ஜி.எஸ். என்று உயர்கல்வி அமைச்சு தரும் மானியம் அவற்றில் முக்கியமானது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி ஓர் உதவியாளரை வைத்துக்கொள்கிறார். மானியத்தின் ஆயுள் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். பணம் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. முழுநேரமாக முனைவர் பட்டம் படிக்கும் பிள்ளைக்கு மூன்று ஆண்டுகள் போதுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு பரிசோதனை சரிவரவில்லை என்றாலே ஆறு மாதம் போய்விடும். ஆக, ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டிய கடைசி ஆண்டில் கையில் காசு இருக்காது. பி.டி.பி.டி.என். கடன் மட்டும் தவறாமல் கதவைத் தட்டும்.

இதைவிட எனக்கு ஆத்திரம் தருவது நியமனக் கடிதம்தான். ஒரே அறையில், ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருடைய கடிதத்தில் 'சம்பளம்' என்றிருக்கும். மற்றவருடையதில் 'அலவன்ஸ்' என்றிருக்கும். முதலாமவர் ஊழியர். ஐயாயிரம் வெள்ளி வரை சம்பளம் வாங்கும் அவருக்கு முதலாளி 13 விழுக்காடு இ.பி.எஃப். கட்ட வேண்டும், சொக்சோவும் கட்ட வேண்டும். இரண்டாமவர் பதிவு பெற்ற மாணவர், அவர் வாங்குவது உதவித்தொகை என்று சொல்லி இரண்டையும் தவிர்த்துவிடுகிறார்கள். முப்பது வயதை நெருங்கும்போது ஃபேக்டரியில் வேலை செய்யும் தம்பிக்கு இ.பி.எஃப். சேமிப்பு இருக்கும், மாஸ்டர்ஸ் முடித்த அண்ணனுக்கு இருக்காது. படித்தவனுக்கு இந்த நிலை!

சரி, இங்கிருந்து மேலே ஏறலாம் அல்லவா? ஏறலாம், யாராவது கை கொடுத்தால். விரிவுரையாளர் பதவிக்கு இப்போது பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்கிறார்கள். பட்டப்படிப்புக்குப் பணமும் கொடுத்து, திரும்பி வந்ததும் பதவியும் கொடுக்கும் பயிற்சித் திட்டங்கள்தான் நிச்சயமான வழி. அவற்றில் பெரியதாக நெடுங்காலம் நடந்தது எஸ்.எல்.ஏ.பி. அதன் கடைசி எழுத்தே 'பூமிபுத்ரா'. வேறு விளக்கம் வேண்டுமா?

2011இல் வந்த மைபிரெய்ன்15 திட்டம் எல்லா இனத்தவருக்கும் திறந்திருந்தது. 2023க்குள் 60,000 முனைவர்கள் என்பது இலக்கு. கல்விக் கட்டணத்தைக் கட்டினார்களே தவிர, படித்து வருபவர்களுக்குப் பதவிகளை உருவாக்கவில்லை. இதில் மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் தவிக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாற்காலிகள் குறைவாக இருக்கும்போதுதான் யாரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள் என்ற கேள்வி பெரிதாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? சட்டவிதி 153ஐ நான் இங்கே கேள்வி கேட்கவில்லை. அதில் எழுதியிருப்பதை மட்டும் படிக்கிறேன். பொதுச் சேவைப் பதவிகள், உபகாரச் சம்பளம், பயிற்சி வசதிகள், பெர்மிட்டுகள் ஆகியவற்றில் ஒதுக்கீடு செய்ய அது அனுமதிக்கிறது. 1971இல் சேர்க்கப்பட்ட 8ஏ பிரிவு மாணவர் இடங்களையும் உட்படுத்தியது. பல்கலைக்கழக ஆசிரியர் பதவிகளை அது குறிப்பிடவில்லை. பொதுச் சேவை எது என்று பட்டியலிடும் சட்டவிதி 132இலும் பல்கலைக்கழகம் இல்லை. ஆனால் சட்டப்படி அமைக்கப்பட்ட நிறுவனங்கள் 'பொது அதிகார அமைப்பு' என்கிறது சட்டவிதி 160. அத்தகைய அமைப்பு வேலை நியமனத்தில் இன பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது சட்டவிதி 8(2). பயிற்சி வசதி என்ற பெயரில் எஸ்.எல்.ஏ.பி. தப்பித்துக்கொள்ளலாம். நேரடி நியமனத்திற்கு அந்தக் குடை கிடையாது என்பது என் வாதம்.

வாதாட எண்ணிக்கை வேண்டும். நாட்டில் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஆய்வு உதவியாளர், தியூட்டர், விரிவுரையாளர், பேராசிரியர் என ஒவ்வொரு படியிலும் எத்தனை இந்தியர்கள் என்று ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 1956இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையைக் காட்டிச் சமாதானம் சொல்ல வேண்டாம். பொறியியலிலும் மருத்துவத்திலும் ரசாயனத்திலும் எத்தனை பேர்? 2020 கணக்கெடுப்பின்படி குடிமக்களில் நாம் 6.7 விழுக்காடு. அந்த விகிதத்தை அப்படியே தாருங்கள் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. கணக்கைக் காட்டுங்கள் என்கிறோம். எந்தக் கட்சியில் இருந்தாலும் சரி, நம் எம்.பி.க்கள் அடுத்த நாடாளுமன்றக் கூட்டத்தில் இதை எழுத்துப்பூர்வக் கேள்வியாகக் கேட்கட்டும்.

அதுவரை வீட்டில் என்ன செய்வது? ஆராய்ச்சிதான் உயிர் என்று நினைக்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். தம்பி தங்கைகளைக் கரையேற்ற வேண்டிய மூத்த பிள்ளைக்கு இந்த வேலையை நான் சொல்ல மாட்டேன். எப்படியிருந்தாலும் கையெழுத்துப் போடுமுன் மானியம் முடிய எத்தனை மாதம் இருக்கிறது, கொடுப்பது சம்பளமா அலவன்ஸா, இ.பி.எஃப். உண்டா, ஆய்வுக் கட்டுரையில் தன் பெயர் வருமா என்று கேட்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது, எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் நியமனக் கடிதத்தின் நகலையும் சம்பளச் சீட்டையும் நம் சட்ட உதவி நாளுக்குக் கொண்டு வாருங்கள். நேர்முகத் தேர்வுக்கே அழைக்கப்படாதவர்கள் விண்ணப்ப நகலைக் கொண்டு வரலாம். பெயர் வெளியே போகாது. கடிதங்கள் சேர்ந்ததும் உயர்கல்வி அமைச்சருக்கு மனு கொடுக்கிறோம்.