ஸ்டீல்தான் எரியாதே, அதுக்கு எதுக்கு கான்கிரீட் போர்வை?

ஸ்டீல் எரியாது, சரி. ஆனால் சூடு 600 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அதன் பலத்தில் பாதி போய்விடும். அலுவலகத்தில் மேசை, பேப்பர் எரிந்தாலே அந்தச் சூடு வந்துவிடும். அதனால்தான் பழைய உயரக் கட்டடங்களில் பீமைச் சுற்றி கான்கிரீட் போட்டார்கள். சூடு உள்ளே போக நேரமாகும். மக்கள் தப்பிக்க அந்த நேரம்தான் வேணும்.

ஆனால் கான்கிரீட் எடை அதிகம். அதனால் லேசான பூச்சைத் தெளிக்கும் முறை வந்தது. நியூயார்க் இரட்டைக் கோபுரங்களிலும் அதுதான். 2001 செப்டம்பர் 11-ல் விமானங்கள் மோதியதில் பூச்சு உதிர்ந்தது. தெற்குக் கோபுரம் 56 நிமிடத்தில் சரிந்தது. பூச்சு பெருமளவு உதிராமல் இருந்திருந்தால் கோபுரங்கள் நின்றிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது அமெரிக்க அரசு ஆய்வு.

பூச்சு உதிர விமானம்தான் மோதணும் என்றில்லை. வயரிங், ஏசி வேலைக்குச் சுரண்டினாலும் போச்சு. ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது.