துறையும் திரையும்: எதுகை ‘றைம்’ ஆகுமா?

ஆங்கிலச் செய்யுளில் ‘றைம்’ எனப்படுவதே தமிழில் எதுகை எனப்படும் என்று பள்ளிக்கூடம் முதற் பல்கலைக்கழகம் வரை சொல்லப்பட்டு வருகின்றது. சொல்வோர் தயங்குவதில்லை, கேட்போர் வினவுவதுமில்லை. இத்தவறு சிறிதாகத் தோன்றினும் இரு மொழிச் செய்யுள்களின் இயல்பையும் ஒருங்கே மறைக்க வல்லது. அன்றியும், கவிதை எழுத முற்படும் இளைஞரை மலிவான ஓசைக்கு அடிமைப்படுத்துவதும் இதுவே. இவ்விரண்டும் ஈண்டு நிறுவப்படும்.

சான்று தேடித் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. திருகோணமலை, 1957ஆம் ஆண்டு வரை பிரித்தானியக் கடற்படை தளங்கொண்டிருந்த துறைமுக நகர். ‘ஹார்பர்’ என்னும் ஆங்கிலச் சொல் அந்நகர மக்களுக்குப் புதியதன்று. அச்சொல்லுக்கு நிறைவான றைம் தேடப் புகுவோர்க்குக் கிடைப்பவை மிகச் சில. கொடிப்பந்தரைக் குறிக்கும் ‘ஆர்பர்’ ஒன்று; நாவிதரைக் குறிக்கும் ‘பார்பர்’ மற்றொன்று. விதி யாதெனில், சொல்லில் அழுத்தம் பெறும் உயிரொலி தொடங்கி இறுதி வரை உள்ள ஒலிகள் யாவும் ஒத்தல் வேண்டும். அவ்வுயிருக்கு முன்னிற்கும் மெய் வேறுபடல் வேண்டும். தொழிலாளர் உழைப்பைக் குறிக்கும் ‘லேபர்’ என்னும் சொல்லோ எழுத்தளவில் ஹார்பருக்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே நான்கெழுத்தால் முடிகின்றன. ஆயினும் அழுத்தம் பெறும் உயிர் ஒன்றில் ‘ஆ’, மற்றொன்றில் ‘ஏ’. ஆதலின் துறைமுகமும் உழைப்பும் வாழ்க்கையில் எத்துணை ஒன்றினும் ஆங்கிலச் செய்யுளில் நிறைவாக ஒன்றமாட்டா. அவை குறையொப்பு என்னும் அளவிலேயே நிற்கும்.

இனி, அதே பொருள் தரும் தமிழ்ச் சொல்லை நோக்குக. ‘துறை’ என்பதற்கு நிறை, சிறை, மறை, பறை, இறை என எதுகைகள் திரண்டு வருகின்றன. இங்கு விதியே வேறு. முதலெழுத்து குறிலாயிற் குறிலாகவும் நெடிலாயின் நெடிலாகவும் அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருதல் எதுகை. ஆதலின் ‘கூறை’ என்பது துறைக்கு எதுகையாகாது. அதன் முதலெழுத்து நெடில். மேலும், இவ்வொப்புமை நிற்குமிடம் அடியின் இறுதியன்று, தொடக்கம். றைம் என்பது அடியின் வாலைப் பார்ப்பது. எதுகை என்பது அடியின் தலையைப் பார்ப்பது. தலையையும் வாலையும் ஒன்றென்று கற்பித்துவிட்டுப் பின்னர் மாணவர்க்குச் செய்யுள் விளங்கவில்லை என்று வருந்துதல் பொருந்துமா?

நிறைவொப்பு, குறையொப்பு என்னும் பாகுபாடு மேனாட்டார் கண்ட புதுமை என்று கருதுவோரும் உளர். யாப்பருங்கலக்காரிகை 10–11ஆம் நூற்றாண்டளவில் எழுந்த நூல். யாப்பிலக்கணத்தார் முதலெழுத்தொழிந்த சீர் முழுவதும் ஒன்றுவதைத் தலையாகெதுகை என்றனர். இரண்டாம் எழுத்து மட்டும் ஒன்றுவதை இடையாகெதுகை என்றனர். அதனினும் தளர்ந்து வருவனவற்றைக் கடையாகெதுகை என்றனர். இரண்டாம் எழுத்தின் மெய் ஒன்றாகி உயிர் வேறுபடின் அது வருக்க எதுகை. துறையும் திறனும் அவ்வாறு ஒன்றும். மெய்யும் வேறுபட்டு வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் இனம் மட்டும் ஒப்பின் அது இன எதுகை. றகரமும் டகரமும் வல்லினமாதலின் துறையும் படகும் அவ்வாறு ஒன்றும். ய், ர், ல், ழ் என்னும் மெய்களுள் ஒன்று எதுகையெழுத்தின் முன் இடைபுகுந்து நிற்பதையும் ஆசிடையிட்ட எதுகை என்று பெயரிட்டு ஏற்றனர். இக்கண் கொண்டு நோக்கின் வியப்பொன்று புலனாகும். ஹார்பர், லேபர் என்னும் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதினால், இரண்டின் முதலெழுத்தும் நெடில். ஒன்றில் ரகர மெய் ஆசாக இடைநிற்க, இரண்டிலும் பகரம் ஒன்றுகின்றது. ஆங்கிலம் நிறைவொப்பென்று ஏற்க மறுத்த இணையைத் தமிழிலக்கணம் ஆசிடையெதுகை என்று வரவேற்கும். இரண்டும் ஒரே பொருளாயின் இவ்வேறுபாடு எங்ஙனம் எழும்?

ஆங்கிலத்திலோ குறையொப்பு நெடுங்காலம் பிழையெனவே எண்ணப்பட்டது. எமிலி டிக்கின்சனின் பாடல்களை 1890இல் முதன்முதல் நூலாக்கிய பதிப்பாசிரியர்கள் அவருடைய குறையொப்புகள் சிலவற்றைத் திருத்தியே வெளியிட்டனர். முதலாம் உலகப் போரில் 1918இல் மடிந்த வில்பிரட் ஓவன், மெய்களை நிறுத்தி உயிரை மாற்றும் ஒருவகை ஒப்பினை வேண்டுமென்றே கையாண்டார். போரின் நிறைவின்மையை நிறைவற்ற ஓசையே உணர்த்திற்று. அங்கு தனிக் கவிஞர் துணிந்து பெற்ற உரிமையை இங்கு இலக்கணமே வகுத்து வழங்கியிருந்தது. இதனால் தமிழ் உயர்ந்தது, ஆங்கிலம் தாழ்ந்தது என்பது கருத்தன்று. இரண்டும் வெவ்வேறு வழி சென்றன என்பதே கருத்து.

வழி வேறுபட்டதற்குக் காரணம் மொழியமைப்பிலேயே உள்ளது. தமிழ் ஒட்டுமொழி. சொல்லின் பொருளுயிர் பகுதியாக முன்னிற்க, காலமும் இடமும் பாலும் வேற்றுமையும் விகுதிகளாகவும் உருபுகளாகவும் பின்னே ஒட்டுகின்றன. வந்தான், நின்றான், சென்றான் என முடியும் அடிகள் தாமே ஒலியொத்து விழும். அதற்குக் கவிஞன் வேண்டுவதில்லை, வினைமுற்றே போதும். உழைப்பின்றி வருவதை அணியென்று தமிழ்ச் செய்யுள் பெரிதும் போற்றாது, பகுதி நிற்கும் தலையிடத்தில் ஒலியைத் தேடியதன் நுட்பம் இதுவே. பழைய ஆங்கிலச் செய்யுளும் ஒருகாலத்தில் சொற்களின் தொடக்கவொலியையே பற்றி நின்றது. 1066க்குப் பின்னர் பிரெஞ்சு மொழியின் செல்வாக்குப் பெருகவே அடியீற்றொலி அங்கு அரசு பெற்றது.

ஆங்கிலத்தைப் பின்பற்றுகிறோம் என்று கூறி ‘வருகிறது’ என்றோரடியையும் ‘போகிறது’ என்று மற்றோரடியையும் முடிப்போர் ஆங்கில விதியையும் அறியாதவரே. ‘ரன்னிங்’, ‘சிங்கிங்’ என்னும் சொற்கள் ஈற்றில் ஒத்தொலிப்பினும் அவற்றை நிறைவான றைம் என்று ஆங்கிலேயர் கொள்வதில்லை. ஒப்பது அழுத்தமற்ற விகுதி மட்டுமே. ஆக, அன்னோர் செய்வது தமிழுமன்று, ஆங்கிலமுமன்று. மில்டனோ ‘இழந்த சுவர்க்கம்’ காவியத்துக்கு 1668இல் சேர்த்த குறிப்பில் றைம் முழுவதையுமே கண்டித்து ஒதுக்கினார்.

திருகோணமலையின் பெயர் தாங்கிய பழம்பாடலே இதற்கு நற்சான்று. மூன்றாம் திருமுறையில் திருஞானசம்பந்தர் கோணமலைக்குப் பாடிய பதிகத்தின் முதற்பாடலில் நான்கடிகளும் ‘ரை’ என்னும் எழுத்தை இரண்டாம் எழுத்தாகக் கொண்டு தொடங்குகின்றன. திருக்கடைக்காப்பொழிந்த பாடல்களின் ஈற்றிலோ மலையின் பெயர் கூறும் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகின்றது. தலையில் ஒலிவேலை நடைபெறுகின்றது. இறுதியில் நெஞ்சம் ஓரிடத்திற் சென்று அமைகின்றது. இன்னொன்றும் நோக்குதற்குரியது. அப்பாடலின் எதுகை வரிசையிலே ‘திரை’ புகலாம், ‘துறை’ புகமுடியாது. ரகரம் இடையினம், றகரம் வல்லினம். இக்காலத்தில் பலர் பேச்சில் இவ்வேறுபாடு மங்கியமையால் துறையும் திரையும் காதுக்கு ஒன்றாகத் தோன்றுகின்றன. காதுக்கு ஒத்தது போதாதா என்று கேட்கும் உரிமை இக்காலக் கவிஞனுக்கு உண்டு. ஆயின் எதை மீறுகிறோம் என்று அறிந்து மீறுவோனுக்கே அவ்வுரிமை சாரும்.

இங்குத் தடையொன்று எழுப்பப்படலாம். எதுகை அன்றாயின் அடியீற்றில் ஒன்றும் இயைபே றைம் ஆகட்டும் என்பர். இடத்தால் அது பொருந்தும். தன்மையால் முற்றும் பொருந்தாது. இயைபில் அதே சொல்லும் அதே தொடரும் மீண்டு வரலாம். கோணமலைப் பதிகத்தில் அவ்வாறே வருகின்றது. ஆங்கிலத்தில் அதே சொல்லை அதே சொல்லுக்கு றைமாக நிறுத்துதல் வறுமை எனப்படும். சிந்திலும் கும்மியிலும் இயைபு இன்பம் பயப்பது உண்மை. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டில் முன்பாடுவோர்க்குப் பின் அனைவரும் ஒரே சொல்லை எடுத்தொலித்தலும் கைகளை ஒன்றுபடுத்தும் தொழிற்பயன் உடையது. அவ்விடங்களில் இறுதியொலிக்கு வேலை உண்டு. வேலையில்லாத இடத்தில் அதனை நிறுத்துதலே பழிக்கப்படுவது.

புதுக்கவிதை தோன்றிய பின் இவ்வாராய்ச்சி வீண் என்று கூறுவோர்க்கும் விடை உண்டு. பிரமிள் என அறியப்பட்ட தருமு சிவராம் 1939இல் திருகோணமலையிற் பிறந்தவர். ‘எழுத்து’ இதழ்வழி யாப்பைத் துறந்த கவிதைக்கு வலிமை சேர்த்தவர். அதே ஊரினரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை, 1892இல் ‘தத்தை விடு தூது’ என்னும் பழைய தூதிலக்கிய வடிவத்துள் பெண்விடுதலை என்னும் புதிய கருத்தை வைத்தார். ஒருவர் மரபைத் துறந்தார். ஒருவர் மரபுக்குள் நின்று புதுமை செய்தார். அடியீற்றில் மணி கட்டி ஆட்டுதலை இருவருமே தம் கவிதைக்கு உயிராகக் கொள்ளவில்லை. யாப்பைத் துறத்தல் வேறு. யாப்பை அறியாமை வேறு. முன்னது துறவு, பின்னது வறுமை.

இத்தவற்றினால் வரும் இழப்பு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. கவிதைப் போட்டிகளில் ஈற்றோசை இல்லை என்று நல்ல பாடல் தள்ளப்படுகின்றது. விகுதிகளை அடுக்கிய பாடல் பரிசு பெறுகின்றது. மொழிபெயர்ப்பாளன் ஆங்கிலப் பாட்டின் றைமைக் காப்பதாக எண்ணிப் பொருளைப் பலியிட்டு வினைமுற்றுகளை அடுக்குகின்றான். ஆங்கில வகுப்பிலோ ஓவனின் நுட்பமான குறையொப்பு மாணவனுக்குப் பிழையாகத் தோன்றுகின்றது. இவற்றைத் தவிர்க்கப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. றைமை றைம் என்றோ ஈற்றொலியொப்பு என்றோ வழங்குக; எதுகையை எதுகை என்றும் இயைபை இயைபு என்றும் வழங்குக; ஒவ்வொன்றும் எவ்விடத்தில் எப்பணி செய்கின்றது என்று காட்டிக் கற்பிக்குக. கோணமலையின் அடியில் நின்று கடலைப் பாட விழையும் இளைஞனுக்கு முதலில் வேண்டுவது ஒத்தொலிக்கும் சொற்களின் பட்டியலன்று. துறைக்கும் திரைக்கும் இடையிலுள்ள ஓரெழுத்து வேறுபாட்டைக் கேட்கும் செவியே அவனுக்கு வேண்டும். அச்செவியை அளிக்காத கல்வி எத்துணைச் சொற்களை அளிப்பினும் கவிதையை அளிக்கமாட்டாது.