உள்ளூர் ஓட்டலுக்கு நம் காய்: கைமேல் காசு வருமா?

கேள்வி: நாங்கள் வேடசந்தூர் வட்டத்தில் எட்டு விவசாயிகள். கத்தரி, வெண்டை, அவரை, கீரை போட்டிருக்கிறோம். கமிஷன் கடைக்கு அனுப்பிக் கட்டுப்படியாகவில்லை என்று, நான்குவழிச் சாலையில் இருக்கும் ஓர் ஓட்டலுக்கு மூன்று மாதமாக நேரடியாகக் காய் கொடுத்து வருகிறோம். முதல் மாதம் வாரம் தவறாமல் பணம் வந்தது. பிறகு, ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று பாக்கி 38,000 ரூபாய் ஆகிவிட்டது. நிறுத்தினால் பாக்கி வராதோ என்று பயம். தொடர்ந்தால் பாக்கி ஏறுகிறது. காய் பறிக்கும் பெண்களுக்கு அன்றன்றைக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். திரும்பவும் கமிஷன் கடைக்கே போய்விடலாமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால், நேரடி விற்பனையைக் கைவிட வேண்டாம். கடன் விற்பனையை மட்டும் கைவிடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. கமிஷன் கடையில் கிலோ 20 ரூபாய்க்கு விற்றால், பத்து சதவீதக் கமிஷன் 2 ரூபாய், சாக்கு, ஏற்றுகூலி, வண்டி வாடகை 3 ரூபாய் போகக் கையில் நிற்பது 15 ரூபாய். அதே காயை ஓட்டலுக்கு 22 ரூபாய்க்குக் கொடுத்து, வண்டிச் செலவு 2 ரூபாய் போனால் கையில் 20 ரூபாய். கிலோவுக்கு 5 ரூபாய் கூடுதல். தினமும் 40 கிலோ, மாதம் 26 நாள் என்றால் கூடுதல் வருமானம் 5,200 ரூபாய். இப்போது பாக்கியைப் பாருங்கள். 38,000 ரூபாய் என்பது இந்தக் கூடுதல் லாபத்தில் ஏழு மாதத்துக்கும் மேல். பாக்கி வராமல் போனால், ஏழு மாதம் ஓட்டலுக்கு இலவசமாக உழைத்ததாக ஆகிவிடும். அதனால் கடனுக்கு 22 ரூபாயை விட ரொக்கத்துக்கு 20 ரூபாய் மேல்.

பாக்கியை எப்படி வசூலிப்பது?

நாளைக் காலையிலிருந்து அன்றைய காய்க்கு அன்றே பணம் என்று சொல்லிவிடுங்கள். பழைய பாக்கியைத் தனியாகப் பிரித்து, வாரம் 3,000 ரூபாய் என்பது போலத் தவணை கேளுங்கள். சண்டை வேண்டாம். ‘பறிப்புக் கூலி கொடுக்க முடியவில்லை’ என்ற உண்மையே போதும். ஓட்டலில் கல்லாப் பெட்டியில் தினமும் காசு புரள்கிறது. பால்காரருக்கும் கறிக்கடைக்கும் நிறுத்திவைப்பதில்லை. நிறுத்தினால் மறுநாள் சரக்கு வராது என்று முதலாளிக்குத் தெரியும். காய்காரர் மட்டும் பொறுத்துக்கொள்வார் என்ற எண்ணத்தில்தான் கடைசி வரிசையில் வைக்கிறார்கள்.

அடுத்தது எழுத்து. இதுவரை கொடுத்த சரக்கைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி, வந்த பணத்தைக் கழித்து, மீதி இவ்வளவு என்று உரிமையாளரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போடச் சட்டப்படி மூன்று ஆண்டு காலக்கெடு உண்டு. அந்தக் கெடு முடிவதற்குள் அவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். கையெழுத்துப் போட மறுத்தால், துண்டுச் சீட்டுகள், முதல் மாதம் செல்போன் வழியாகப் பணம் வந்த விவரம் இவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வியாபாரம் நடந்ததற்கு அவையும் சான்று.

அதற்கும் மசியவில்லை என்றால், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அங்கே ஒத்துக்கொண்டு முடிவானது, நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு இல்லை. பல இடங்களில் அழைப்புக் கடிதம் போனதுமே பாதிப் பணம் வந்துவிடுகிறது.

நல்ல ஓட்டலை எப்படிக் கண்டுபிடிப்பது?

சாப்பிடப் போகிறவர் ருசி பார்த்து ஓட்டலைத் தேர்ந்தெடுக்கிறார். நாம் நாணயம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். போர்டு பெரிதாக இருக்கிறதா, ‘கிராமத்துச் சமையல்’ என்று எழுதியிருக்கிறதா என்பது முக்கியமல்ல. வார நாளில் மதியம் ஒரு மணிக்குப் போய் உட்காருங்கள். பஸ் டிரைவர், பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர் என்று வழக்கமான ஆட்கள் வருகிறார்களா? முதலாளி கல்லாவிலோ அடுப்படியிலோ நிற்கிறாரா? பொரியல் நாளுக்கு நாள் மாறுகிறதா? இந்த மூன்றும் இருந்தால் அந்தக் கடைக்கு வியாபாரம் நிலையானது, காய் தெரிந்த முதலாளி என்று அர்த்தம். பிறகு பால்காரரிடமும் மளிகைக் கடையிலும் கணக்கு வழக்கு எப்படி என்று விசாரியுங்கள். அவர்களை விட நல்ல சாட்சி கிடையாது.

ஒரே பெரிய ஓட்டலை நம்பாமல் மெஸ், கல்லூரி விடுதி, ஆஸ்பத்திரி கேன்டீன் என்று மூன்று நான்கு இடமாகப் பிரியுங்கள். எந்த ஒரு கடையும் உங்கள் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் இழுத்தடித்தாலும் மற்றவர் பணத்தில் கூலி கொடுத்துவிடலாம்.

எவ்வளவு காய், எந்த விலைக்கு?

ஒரு சாப்பாட்டுக்குச் சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் சேர்த்து 200 கிராம் காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 சாப்பாட்டுக்கு 60 கிலோ. அதில் உருளை, கேரட், பெரிய வெங்காயம் என்று நம்மிடம் விளையாதது 20 கிலோ போனாலும் 40 கிலோவுக்கு இடம் இருக்கிறது. ஆனால், ஓட்டலுக்கு வேண்டியது ஒரே நாளில் 400 கிலோ கத்தரி அல்ல. தினமும் ஐந்தாறு வகையில் ஐந்து, பத்து கிலோ. எட்டுப் பேரும் ஒரே வாரத்தில் வெண்டை ஊன்றினால், 45 நாளில் எல்லோருக்கும் சேர்ந்து வந்து நிற்கும். அது ஓட்டலுக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது. அதனால் இருவர் வெண்டை, இருவர் கத்தரி, ஒருவர் பந்தலில் புடலை, பீர்க்கன், ஒருவர் கீரை, மற்ற இருவர் அவரை, கொத்தவரை என்று பிரித்துக்கொண்டு, பதினைந்து நாள் இடைவெளியில் விதைப்பைத் தள்ளிப் போடுங்கள். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். ஓட்டல் விடுமுறை நாளில் பறிக்காமல் விட்டால் முற்றிவிடும். அந்த நாளுக்கு உழவர் சந்தையை வைத்துக்கொள்ளுங்கள்.

விலைக்கும் உழவர் சந்தைதான் நல்ல அளவுகோல். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய இந்தச் சந்தைகளில், ஒவ்வொரு நாளும் காலையில் விலைப் பலகை வைக்கிறார்கள். மொத்த விலையை விடக் கூடுதலாகவும் வெளிச் சில்லறை விலையை விடக் குறைவாகவும் இருக்கும் விலை அது. ‘அன்றைய உழவர் சந்தை விலைதான் நம் விலை’ என்று ஓட்டலோடு பேசி முடித்துவிட்டால் தினமும் பேரம் பேச வேண்டியதில்லை. விலை ஏறும்போது நாம் ஏமாற மாட்டோம். இறங்கும்போது அவர் வேறு கடைக்கு ஓட மாட்டார்.

கடைசியாகச் சுத்தம். பூச்சிமருந்து அடித்தால், டப்பாவில் அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அந்த நாள் கழியும் முன் பறித்த காய் ஓட்டலுக்குப் போகக் கூடாது. சாப்பிடுகிறவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். ‘இயற்கைக் காய்’ என்று ஓட்டல் போர்டில் போட விரும்பினால், விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறையை அணுகிச் சான்று பெற்ற பிறகு போடச் சொல்லுங்கள். பறித்த காயை அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் தேவையில்லை. முருங்கைக்கீரைப் பொடி, ஊறுகாய், எண்ணெய் என்று மாற்றி விற்கத் தொடங்கினால் பதிவு கட்டாயம்.

கேள்வி: கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். குடும்பத்தோடு ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, கொடைக்கானல் பக்கம் வரும்போது சாலையோரத்தில் வாங்கும் பொருள் அந்த ஊரில் விளைந்ததுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?

பதில்: கடைப் பெயர் சொல்வது இந்தப் பகுதியின் வழக்கமில்லை. பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

பருவம் தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். நத்தம் மாம்பழம் சித்திரை, வைகாசியில். புதுப்புளி மாசி, பங்குனியில். கொடைக்கானல் பிளம்ஸ் மே மாதம், பேரிக்காய் ஆடியை ஒட்டி. சித்திரையில் மலிவாகக் கிடைக்கும் முருங்கைக்காய், மழைக்காலத்தில் விலை ஏறத்தான் செய்யும். தை மாதத்தில் ‘உள்ளூர் மாம்பழம்’ என்று ஒருவர் கூவினால் வண்டியை நிறுத்த வேண்டாம். மாம்பழத்தில் காம்படியிலும் மணம் இருக்க வேண்டும். எல்லாப் பழமும் ஒரே சீராக மஞ்சளாகி, காம்பருகே அழுத்தினால் கல் போல இருந்தால் சந்தேகப்படுங்கள். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு.

சிறுமலை, விருப்பாச்சி மலைவாழை இரண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. மலைவாழை பளபளவென்று இருக்காது. தோல் கருத்துச் சுருங்கினாலும் உள்ளே சதை கெட்டியாக, நல்ல மணத்தோடு இருக்கும். அழகு பார்த்து வாங்குகிறவர் இதை ஒதுக்கிவிட்டு, வேறு வாழையை மலைவாழை விலைக்கு வாங்கிப் போகிறார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைவிக்கிறார்கள். அந்த ஊர் வரை போகிறவர்கள் விவசாயி வீட்டிலேயே தாளோடு கட்டித் தொங்கவிட்ட பூண்டைக் கேட்டு வாங்கலாம். தாண்டிக்குடி, ஆடலூர், பன்றிமலை வழியில் காபி, மிளகு, சௌசௌ. ஆட்டுச் சந்தை பார்க்க ஆசை என்றால் வியாழக்கிழமை அய்யலூர்.

விற்பவரிடம், ‘இது எந்த ஊர்? எப்போது பறித்தது?’ என்று இரண்டு கேள்வி கேளுங்கள். விளைவித்தவர் ஊர்ப் பெயரோடு மழை பெய்ததையும் சேர்த்துச் சொல்வார். வாங்கி விற்பவர் ‘எல்லாம் ஃபிரெஷ்’ என்பார். வாங்கி விற்பதும் தொழில்தான், தப்பில்லை. ஆனால், மலைவாழை விலையை அங்கே கொடுக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கும் அதே முறை. உட்கார்ந்ததும், ‘இன்றைக்கு என்ன பொரியல், என்ன கீரை?’ என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் அன்று வாங்கிய காய். நாற்பது வகை எழுதிய அட்டையை நீட்டினால் குளிர்பெட்டிச் சரக்கு கலந்திருக்க வாய்ப்புண்டு. இரண்டரை மணிக்கு, ‘சாப்பாடு தீர்ந்துவிட்டது’ என்று சொல்லும் கடையை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை சீக்கிரம் போங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம், 14 இலக்க எண்ணோடு சுவரில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். காய் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்பது உங்களுக்கு மட்டும் பயன்படுவதல்ல. பத்து வாடிக்கையாளர் கேட்டால் பதினோராவது நாள் முதலாளி பக்கத்து ஊர் விவசாயியைத் தேடுவார்.

கேள்வி: சோழவந்தான் பக்கம் அரை ஏக்கர் இருக்கிறது. வாழை இலையை மட்டும் ஓட்டல்களுக்குக் கொடுத்துப் பிழைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால், காற்றைத் தடுத்தால்தான் முடியும். கிழிந்த இலைக்குப் பாதி விலைகூடக் கிடைக்காது. வரப்பைச் சுற்றி அகத்தி நெருக்கமாகப் போடுங்கள். இலைக்குப் பூவன் ஏற்றது. இலை மென்மையாக இருக்கும், மடித்தால் எளிதில் ஒடியாது. அதிகாலையில் அறுத்து, வெயில் ஏறுமுன் நிழலில் கட்டுங்கள்.

முகூர்த்த மாதங்களில் விலை ஏறும். ஆடியிலும் மார்கழியிலும் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை நம்பாமல், ஆண்டு முழுவதுக்கும் ஒரே சராசரி விலை என்று இரண்டு மெஸ்களோடு பேசிக்கொள்ளுங்கள். மீதியை முகூர்த்த நாளில் சந்தைக்கு விடலாம். 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. இன்னும் அதைப் பயன்படுத்தும் கடைக்கு உங்கள் இலைக்கட்டோடு ஒரு நாள் போய்ப் பேசிப் பாருங்கள்.

முதல் கேள்விக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். இலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பணத்தோடு திரும்புங்கள். முடியாத நாளில் கையெழுத்திட்ட சீட்டோடு திரும்புங்கள். வெறும் வார்த்தையோடு திரும்ப வேண்டாம்.