இலவச நூலும் மறைந்த கணக்கும்

கதிரவப் புள்ளிகளின் புறநிழலில் வளி வெளிநோக்கி விரைந்தோடுவதை 1909ஆம் ஆண்டு கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்செட் கண்டறிந்தார். அச்செய்தி அவ்வாண்டே ஆய்வகத்தின் சொந்த அறிக்கை வரிசையில் 15ஆம் எண்ணாக அச்சேறியது. அவ்வரிசையை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் மின்வடிவாக்கி, எவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்துள்ளது. அரசுப் பணத்தில் விளைந்த அறிவு அரசுப் பணத்தாலேயே மக்களிடம் சேர்ந்தது. செலவு யாருடையது என்பதில் ஒளிவில்லை.

அதே பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றி அருட்தந்தை கே. எம். மேத்யூ எழுதிய பெருநூல் 1999இல் வெளிவந்தது. அதை வெளியிட்டது வணிகப் பதிப்பகமன்று. திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராப்பினாட் தாவரக் காப்பகம். கல்லூரியும் தக்க பதிப்பாளராக இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயின் இன்று நம்மிடையே நடப்பதென்ன? 'இலவச மின்னூல்' என்னும் பெயரில் வரும் கருத்தரங்கக் கோவைகள் பலவற்றில் படிப்பவர் பணம் தருவதில்லை. எழுதும் ஆய்வு மாணவர் தருகிறார். உதவித்தொகையை நம்பி வாழும் அவர் கட்டிய தொகை எதற்குச் செலவாயிற்று, கட்டுரையை மதிப்பிட்டவர் யார், மதிப்பீடு நடந்ததா என்பதெல்லாம் நூலில் எங்கும் இல்லை. பன்னாட்டுத் தர நூல் எண் மட்டும் அட்டையில் மின்னுகிறது. அது நூலை அடையாளங்காட்டும் எண்ணேயன்றித் தரச்சான்று அன்று என்பதை நம் ஆசிரியர்களே மறந்துவிடுகின்றனர்!

கட்டணம் வாங்குதல் குற்றமென நாம் கூறவில்லை. பிழைதிருத்தம், பக்க அமைப்பு, நெடுங்காலச் சேமிப்பு யாவும் செலவுடையன. சிறு துறைகளுக்கு நிதியில்லை என்பதும் மெய்யே. எனினும் பணம் பெறுவோரும் கட்டுரையைத் தேர்வோரும் ஒருவராயிருத்தல் தகாது. கட்ட இயலாதவர்க்கு விலக்குண்டு என்பதை முன்னரே அறிவித்தல் வேண்டும். திறந்த அணுகல் நூல்களின் பன்னாட்டு விவரத்திரட்டு, தன்னிடம் சேரும் பதிப்பாளர் தம் மதிப்பீட்டு முறையைப் பகிரங்கமாகக் கூறவேண்டுமென விதித்துள்ளது. அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. 1998 முதல் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கிவரும் மதுரைத் திட்டத்தின் ஏடுகளைத் திறந்து பாருங்கள். தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் முகப்பிலேயே இருக்கும். ஊதியம் பெறாத தன்னார்வலர் செய்வதை ஊதியம் பெறும் நாம் செய்தலாகாதா?

தமிழ்த்துறைகள் இனி வெளியிடும் ஒவ்வொரு கோவையின் பின்பக்கத்திலும் பெற்ற தொகை, செய்த செலவு, மதிப்பிட்டோர் பெயர், வந்த கட்டுரைகள் எத்தனை, ஏற்றவை எத்தனை என்பவற்றை அச்சிடுதல் வேண்டும். அரைப்பக்கம் போதும்.