மருந்துக்கடையில் சொல்லப்படாத நோய்

காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கேட்கையில் தன் உபாதையை விஸ்தாரமாய் எடுத்துரைக்கும் பெண்மணி, வெள்ளைப்படுதலும் அரிப்புமாக அவதியுறும்போது மட்டும் கணவரைக் கடைக்கு அனுப்ப, அவரும் கூசிக்கொண்டு, "அரிப்புக்கு ஒரு க்ரீம்" என்பதோடு நிறுத்திவிட, இடம் எதுவென்று வினவாமலே கடைக்காரர் எடுத்து நீட்டும் குழாய், பல வேளைகளில் பூஞ்சைக்கொல்லியோடு ஸ்டீராய்டும் கலந்த கூட்டு மருந்தாக அமைந்துவிடுகிறது. ஸ்டீராய்டு அரிப்பை இரண்டொரு நாளில் அடக்கிக் குணமாயிற்றென்ற பிரமையை உண்டாக்கும். தொடர்ந்து பூசினால் தோலை மெலியச் செய்யும். இத்தகைய 14 ஸ்டீராய்டுகளின் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென்று 2018-இல் மத்திய அரசு விதித்தும், குழாய்கள் கைமாறுவது நின்றபாடில்லை.

சுயவைத்தியம் எல்லாமே தவறென்னும் கட்சி எனக்கு உடன்பாடன்று. கேண்டிடா என்னும் பூஞ்சையால் பெண்ணுறுப்பில் விளையும் நோய், நான்கு பெண்களில் மூவருக்கு ஆயுளில் ஒருமுறையேனும் வரக்கூடியது. ஒழுக்கத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. முன்பொருமுறை மருத்துவர் கண்டு சொன்ன அதே நோய், திரிந்த பால்போல் திப்பிதிப்பியாய், துர்நாற்றமின்றி, கடும் அரிப்போடு மீண்டும் வந்திருக்குமாயின், குளோட்ரிமசோல் ஒன்றே அடங்கிய, உள்ளே வைக்கும் மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேட்பதே உசிதம். 500 மில்லிகிராம் மாத்திரையை ஒரே இரவும், 100 மில்லிகிராமாயின் ஆறு இரவுகளும் வைக்கவேண்டும். பலன் ஏறக்குறைய ஒன்றே. வெளியே பூசும் களிம்பு மட்டும் உள்ளிருக்கும் பூஞ்சையை எட்டாது. (இம்மருந்துகள் ஆணுறையின் ரப்பரைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதையும் யாரும் சொல்வதில்லை.)

ஆனால் ஊகம் பிசகுவதும் உண்டு. அமெரிக்காவில் தாமே மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்து 2002-இல் வெளியான ஆய்வில், சுமார் மூன்றில் ஒருவருக்கே மெய்யாக இப்பூஞ்சை நோய் இருந்தது. மீன்வாடையுடன் நீர்த்து வருவது பெரும்பாலும் பாக்டீரியாவின் கோளாறு. அதற்குக் குளோட்ரிமசோல் உதவாது. முதன்முறை வருவதும், அடிவயிற்று வலியோ காய்ச்சலோ கூடியதும் மருத்துவரிடம் போகவேண்டியவை. கர்ப்பிணிகள், இப்பூஞ்சைக்கென விழுங்கும் ஃப்ளூகோனசோல் மாத்திரையைத் தாமாக வாங்கவே கூடாது. பூஞ்சை நோய் ஆண்டில் மூன்று நான்கு தடவை திரும்புமாயின் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பது அவசியம்.

இன்று எத்தனையோ மருந்துக்கடைகளில் பெண்களே நின்று வியாபாரம் செய்கிறார்கள். அவர்களில் ஒருவரைச் சற்றே ஒதுக்குப்புறமாக நிறுத்தி, "இதற்கு முன் வந்ததுண்டா, வாடை வீசுகிறதா, மாசமாக இருக்கிறீர்களா" என்று மூன்று கேள்வி தணிந்த குரலில் கேட்கச் செய்வதற்கு, கடைமுதலாளிக்கு ஒரு காசும் செலவில்லை.