மூன்றாண்டு ஆயுள் முத்திரை!

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிறுத்தத்திலே நின்று சுவரைப் பாருங்கள். "ஐ.டி. வேலை வேண்டுமா? பட்டம் தேவையில்லை! நாற்பத்தைந்தே நாள்! சான்றிதழ் உண்டு! வேலைக்கு உத்தரவாதம்!" வண்ண வண்ண எழுத்துக்கள், வாரி இறைக்கப்பட்ட வாக்குறுதிகள். அந்தச் சுவரொட்டியின் கீழே, இரவு ஷிப்ட் முடித்து, கையிலே எண்ணெய்க் கறையோடு நிற்கிறார் நம் தொழிலாளித் தோழர். கேட்கிறார்: "பையன் பன்னிரண்டாவது தேறிவிட்டான். கம்ப்யூட்டர் சர்டிபிகேட் ஒன்று வாங்கினால் வேலை நிச்சயம் என்கிறான். முப்பதாயிரம் கேட்கிறார்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டலாமா, தோழரே?"

இது ஒருவர் கேட்கும் கேள்வியல்ல. பாடி முதல் ஆவடி வரை, கொரட்டூர் முதல் பூவிருந்தவல்லி வரை, உழைத்து உண்ணும் வீடுகளிலெல்லாம் ஒலிக்கும் கேள்வி. ஆகவே, ஆம் என்றோ இல்லை என்றோ அவசரப்பட்டுக் கூறிடாமல், ஆராய்ந்து பார்ப்போம்.

1964ஆம் ஆண்டு அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் நிலப்பரப்பிலே பட்டறைகள் எழுந்தன, லேத்துகள் சுழன்றன. இன்று அதே தொழிற்பேட்டையிலே, பட்டறைக்குப் பக்கத்திலே பளபளக்கும் கண்ணாடி மாளிகைகள், கணினி நிறுவனங்கள்! அப்பன் லேத்தின் முன் நிற்கிறான். மகன் சாலைக்கு அப்பாலே தெரியும் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்க்கிறான். அங்கே நாமும் நுழைய வேண்டும் என்று ஆசைப்படுகிறான். அந்த ஆசை தவறா? இல்லை! இல்லவே இல்லை! ஆனால் அந்த ஆசையை விலை பேசுகிறார்களே, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

சான்றிதழ் நமக்குப் புதிதல்ல. தெருவுக்குத் தெரு தட்டச்சுப் பயிற்சிக் கூடம் இருந்த காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். லோயர், ஹையர் என்று எழுதித் தேறினார்கள். அந்தக் காகிதத்துக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? தட்டச்சர் பதவிக்கு அந்தத் தேர்விலே தேறியிருக்க வேண்டும் என்று அரசாங்கம் விதி வகுத்தது. விதி பின்னால் நின்றது. காகிதம் முன்னால் நடந்தது.

இன்றைய தனியார் கணினிச் சான்றிதழுக்குப் பின்னால் அப்படி எந்த விதி நிற்கிறது? எதுவுமில்லை! கம்ப்டியா அமைப்பின் 'ஏ பிளஸ்' என்றொரு சான்றிதழ். 1993 முதல் நடக்கிறது. இரண்டு தேர்வுகள் எழுத வேண்டும். சிஸ்கோ நிறுவனத்தின் 'சி.சி.என்.ஏ.' என்று மற்றொன்று. தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரி தனி. நம் நாட்டுக் கணக்கிலே இருபத்தையாயிரம் ரூபாய்க்கு மேல்! தொழிற்பேட்டையிலே ஒப்பந்தக் கூலிக்கு நிற்கும் பலருடைய ஒரு மாத வருவாயை விழுங்கிவிடும் தொகை. இத்தனைக்கும் பிறகு அந்தச் சான்றிதழின் ஆயுள் எத்தனை ஆண்டு? மூன்றே ஆண்டு! அதற்குள் மீண்டும் தேர்வு, அல்லது மேற்படிப்பு, இரண்டுமில்லையேல் முத்திரை செல்லாது. ஐ.டி.ஐ.யிலே படித்த பிட்டரின் தேசியத் தொழிற் சான்றிதழ் காலாவதி ஆகிறதா? இல்லையே!

அப்படியானால் அத்தனையும் ஏமாற்றா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல மாட்டோம். சி.சி.என்.ஏ. தேர்வுக்கு முறையாகப் படிப்பவன், கணினிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன, முகவரி எப்படிப் பகுக்கப்படுகிறது, இணைப்பு எங்கே அறுந்தது என்று கண்டறியும் வித்தையைக் கற்கிறான். அது மெய்யான அறிவு. பட்டம் இல்லாதவன், நெட்வொர்க் பராமரிப்பு, பழுது பார்ப்பு போன்ற வேலைகளுக்கு நேர்முகத் தேர்விலே சென்று அமர அது ஒரு நாற்காலி பெற்றுத் தரலாம். நாற்காலிதான் தரும், வேலையைத் தராது! "இணைப்பு வேலை செய்யவில்லை, சரி செய்" என்று எதிரே இருப்பவர் கூறிடும்போது, காகிதமா கை கொடுக்கும்? கற்றதுதான் கை கொடுக்கும். பட்டம் கேட்கும் பெரிய நிறுவனங்களின் வாயிலிலோ, இந்தச் சான்றிதழ் பட்டத்துக்கு ஈடாகாது. விடைகளை மட்டும் மனப்பாடம் செய்து தேறியவன், முதல் கேள்வியிலேயே மூச்சடைத்துப் போவான்.

உள்ளே சென்றவனுக்கும் உறுதி இல்லை. 2025 ஜூலையிலே டாடா கன்சல்டன்சி நிறுவனம் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் குறைக்கப் போவதாக அறிவித்தது. அவர்களிலே பெரும்பாலோர் நடுநிலை, மேல்நிலை ஊழியர்கள். அனுபவமும் பதவியும் பெற்றவர்க்கே அந்த நிலை!

இனி, யாரும் கேட்காத கேள்வியை நாம் கேட்கிறோம். பயிற்சியின் செலவு யாருடையது? 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் என்ன சொல்கிறது? பழகுநருக்கு உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்றுக் கொடு என்கிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், நூற்றுக்கு இரண்டரை பேர் முதல் பதினைந்து பேர் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. சோகோ நிறுவனம் இருபதாண்டுகளாகப் பன்னிரண்டாவதும் டிப்ளமாவும் படித்த பிள்ளைகளை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துப் பயிற்றி, வேலையும் தருகிறது. ஆள் வேண்டுமென்றால் முதலாளியே செலவிட்டுக் கற்றுத் தர முடியும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது சான்று! ஆனால் சான்றிதழ் வியாபாரம் என்ன செய்கிறது? முதலாளி சுமக்க வேண்டிய செலவைத் தொழிலாளி வீட்டு அடுப்பங்கரையிலே இறக்கி வைக்கிறது. வேலை கிடைத்தால் இலாபம் நிறுவனத்துக்கு. கிடைக்காவிட்டால் வட்டி நமக்கு!

ஆகவே, தோழருக்கு நாம் கூறும் யோசனை இது. வட்டிக்கு வாங்காதீர்கள். வேலைக்கு உத்தரவாதம் என்று முன்பணம் கேட்பவனைத் திரும்பிப் பாராதீர்கள். பையன் முதலிலே செலவின்றிக் கற்கட்டும். 'பாக்கெட் டிரேசர்' என்ற பயிற்சி மென்பொருளைச் சிஸ்கோவே இலவசமாகத் தருகிறது. ஐ.டி.ஐ.யிலே கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவு இருக்கிறது, ஓராண்டுப் படிப்பு. கல்லூரியிலே சேர்ந்தால், 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தின் பயிற்சிகள் என்னென்ன என்று விசாரிக்கட்டும். ஆறு மாதம் கற்று, கை பழகி, இந்தத் துறைதான் என்று உறுதி கொண்ட பிறகு, கையிலே காசிருந்தால் தேர்வு எழுதட்டும். முதலிலே திறம், பிறகு முத்திரை! அந்த வரிசை மாறினால் வீண்.

கழகத் தோழர்களுக்கும் நமக்கொரு வேண்டுகோள் உண்டு. எழுத்தறியாதாருக்கு ஏடு படித்துக் காட்டிய படிப்பகங்கள் நம் தெருக்களிலே இருந்தன. அந்தப் படிப்பகத்திலே பழைய கணினி இரண்டு வையுங்கள். விவரம் தெரிந்த இளைஞர் ஒருவரை வாரம் இருமுறை வரச் சொல்லுங்கள். தொழிற்பேட்டை நிறுவனங்கள் ஒவ்வொன்றும் எத்தனை பழகுநரை எடுத்திருக்கிறது என்று கணக்குக் கேளுங்கள். ஏழை மாணவன் தேர்வு எழுதத் தகுதி பெற்றுவிட்டால், கட்டணத்தை அரசு ஏற்கட்டும் என்று குரல் எழுப்புங்கள்.

அப்பனின் லேத்துக்கும் மகனின் கணினிக்கும் இடையே இருப்பது ஒரு சாலைதான். அதைக் கடக்க அவனுக்குக் கடன் வேண்டாம், கல்வி வேண்டும். அதைக் கொடுக்கும் கடமை நம்முடையது!